ரெண்டாவது ஆள்

— அந்தக் கடையா? வேணாம்மா. கடல் தெரியுற கடையில கடலைத்தான் பார்க்கணும், சோத்தைப் பார்க்கக் கூடாது.

— போன்ல நாலரை நட்சத்திரம் குடுத்திருக்காங்க ஐயா.

— குடுத்தவங்க எல்லாம் வெளியூர்க்காரங்க. ரயில் ஏறினப்புறம் வயித்துல என்ன நடந்துச்சுன்னு ஒருத்தராவது எழுதியிருக்காங்களா? என் சிநேகிதன் ஒனோஃப்ரே அங்க ஒரே ஒரு தட்டு சாப்பிட்டான். குங்குமப்பூன்னு சொல்லித்தான் போட்டாங்க. பல்செட்டு மஞ்சளாயிடுச்சு. சாம்பல் போட்டுத் தேய்ச்சான், போகல. அவனை அடக்கம் பண்றப்போ பாதிரியார் மெழுகுவத்தியே கொளுத்தல. வாயைக் கொஞ்சம் திறந்து வைங்க, அதுவே போதும்னுட்டார்.

— ஐயையோ, அந்தச் சோறு தின்னுதான் செத்தாரா?

— சேச்சே. அது வேற. எண்பத்தாறு வயசுல அத்திப்பழம் பறிக்க ஏணியில ஏறினான்.

— சரி, அந்தக் கடையைப் பட்டியல்ல அடிச்சுட்டேன். அடுத்தது சந்தைக்கு எதிர்த்தாப்புல. வாசல்ல படம் வச்சிருக்காங்க, இறால் எவ்ளோ பெருசு தெரியுமா!

— தெரியுமாவா? அந்த இறாலை எனக்கு நேர்லயே பழக்கம். ஒரே இறால்தான். ஒன்பது வருஷமா அங்க வேலை பாக்குது. தட்டுல உச்சியில உக்காந்திருக்கும், நீ போட்டோ எடுப்பே, நீ உரிக்கக் கை நீட்டுறதுக்குள்ள 'ஆறிடுச்சுங்க, சூடு பண்ணித் தரேன்'னு சர்வர் தூக்கிட்டுப் போயிடுவான். போன வருஷம் அதுக்குப் பென்ஷன் கேட்டு மனு போட்டிருக்காங்களாம். நான் சொல்லல, ஊர் சொல்லுது.

— அப்ப ஏரிப் பக்கம் போயிடறேன். விலாங்கு மீன் குழம்பு, பூண்டும் மிளகாயும் இடிச்சுப் போட்டு. அதாவது நல்லா இருக்குமா?

— நல்லாத்தான் இருக்கும். ஆனா வியாழக்கிழமை போகாதே.

— இன்னிக்கு வியாழன்தானே?

— அதான் பாரு, நேரம்! வியாழக்கிழமை விலாங்கு நீளமா இருக்கும். ஒரு வியாழன் நான் ஒண்ணு பிடிச்சேன். இங்க கபன்யால் பேட்டையில, என் வீட்டு அடுப்புல தலை வெந்துகிட்டு இருக்கு, வால் இன்னும் ஏரியில நீந்துது. நடுவுல பத்து கிலோமீட்டர். பஸ்ஸு ரெண்டு தடவை ஏறி இறங்கிச்சு. டிரைவர் வேகத்தடைன்னு நினைச்சிருக்கான்.

— நான் எங்கதான் சாப்பிடறது ஐயா? வடக்க அவ்ளோ தூரம் புர்கோஸ்ல இருந்து வந்திருக்கேன், வலென்சியாவுல ஒரு ஆளைத் தெரியாது. மணி ரெண்டாகப் போகுது.

— பசியில இருக்குற பொண்ணுகிட்ட நான் எதையும் திணிக்க மாட்டேன். என் பேரு பதீஸ்தே. கடைக்கு ஆள் பிடிக்கிறது என் பரம்பரையிலேயே கிடையாது. ஆனா உன் முதுகுக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கு, அதை மட்டும் கவனி.

— இந்தக் கடை வாசல்லதானே நாற்காலி போட்டு உக்காந்திருக்கீங்க!

— தற்செயல்.

— பக்கத்துல இன்னொரு நாற்காலி?

— அதுவும்தான். உக்காரு.

— இருங்க, கதவுல என்னமோ எழுதியிருக்கே. 'பயேயா அரிசிச் சோறு ரெண்டு பேருக்குக் குறையாமல் வைக்கப்படாது.' நான் ஒருத்திதானே வந்திருக்கேன்.

— அடடா. இப்பத்தான் பாக்குறேன். என்ன அநியாயம் இது! வெளியூர்ப் பொண்ணு, தனியா வந்திருக்கு, ஒரு வாய் சோத்துக்கு வழியில்ல. எனக்குன்னா பசியே இல்ல. இருந்தாலும் ஊர் மானம்னு ஒண்ணு இருக்கே…

— நீங்க சாப்பிட்டாச்சா?

— ஆச்சே. திங்கக்கிழமை.

— திங்கக்கிழமையா!

— ஒரு டச்சுக்காரர் வந்தார், நல்ல மனுஷன். செவ்வாய்க்கிழமை வந்தவங்க ஜோடியா வந்தாங்க, ஜோடிக்கு என் தேவை என்ன இருக்கு? நேத்து மழை. ராத்திரி வீட்டுல ஒரு மத்தி மீன் டப்பாவைத் திறந்தேன். அதுங்க என்னைப் பார்த்துச்சு, நான் அதுங்களைப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் வருத்தமாயிடுச்சு. மூடி வச்சுட்டேன்.

— பதீஸ்தே மாமா! மறுபடியும் ஆரம்பிச்சாச்சா? யார் இந்தம்மா?

— விசென்டா, வா வா. இது… உன் பேரென்னம்மா?

— எல்வீரா.

— எல்வீரா புர்கோஸ்ல இருந்து நடந்தே வந்திருக்கா, உன் கைச் சோறு சாப்பிட. நான் வேணாம் வேணாம்னு தடுத்தேன்.

— எனக்கு அடுப்புல விறகு எரிஞ்சுகிட்டு இருக்கு மாமா, கதை வேணாம். ஒரு ஆளா, ரெண்டு ஆளா? ஒரு ஆளுன்னா உருளைக்கிழங்கு முட்டைதான். ரெண்டுன்னா அரிசி. சட்டம் சட்டம்தான்.

— கேட்டியாம்மா? கல் மனசு. நான் குறுக்க நிக்கல. உனக்காகன்னா நானும் ரெண்டு கரண்டி முழுங்கி வைப்பேன்.

— தயவு பண்ணுங்க ஐயா. உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா.

— சிரமம்தான். பரவாயில்ல. விசென்டா, எழுதிக்கோ, ரெண்டு பேருக்கு!

— கோழி, முயல், பட்டை பீன்ஸு, பெரிய வெள்ளை மொச்சை. நாப்பது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் சுட்ட குடமிளகாயும் உப்புக் கருவாடும் தரேன். ரொட்டி நிறையத் தின்னாதீங்க.

— அம்மா, அந்த அரிசியில சாசேஜு போடுவீங்களா? நம்ம காரமான பன்னிக்கறி சாசேஜு, வட்ட வட்டமா வெட்டி?

— மெதுவாம்மா! ஜன்னல் திறந்திருக்கு.

— தப்பாக் கேட்டுட்டேனா?

— விசென்டா, நீ உள்ள போ, உன் கையில கத்தி இருக்கு. எல்வீரா, இந்தத் தெருவுல ஒருத்தன் அதைப் போட்டுச் சமைச்சான். யாரும் அடிக்கல, யாரும் திட்டல. அவன் வளர்த்த நாய் மட்டும் மூணு நாள் அவனைத் திருடன்னு நினைச்சுக் குரைச்சுது. நாலாம் நாள் வீட்டைக் காலி பண்ணி மாட்ரிட் போயிட்டான்.

— நான் இதை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வச்சுக்கலாம்னுதான் முதல்ல இருந்தேன்.

— ராத்திரியா? அரிசியையா? தூங்கிடுவியா நீ? அது தூங்க விடுமா? வயித்துக்குள்ள எழுந்து உக்காந்து பழைய சண்டையெல்லாம் பேசும். மத்தியானம்தான். உச்சி வெயில்ல. எழுதிக்கோ.

— எழுதிக்கிட்டேன். எலுமிச்சை?

— இந்த ஊர் உன்னை எப்படி உள்ள விட்டுச்சு?

— நாப்பது நிமிஷம் ஆச்சு, கொஞ்சம் தள்ளுங்க மாமா, சட்டி சுடும்! ஆரஞ்சு விறகுல வெந்தது, வாசனை பாருங்க. அஞ்சு நிமிஷம் அப்படியே விடணும். யாரும் கை வைக்கக் கூடாது.

— அஞ்சு நிமிஷமா? அஞ்சு நிமிஷத்துல நான் செத்துட்டா?

— மரக்கரண்டி வாயில வச்சு அடக்கம் பண்ணிடறேன். நான் வரேன், உள்ள எட்டு பேரு காத்திருக்காங்க.

— ஐயா, ரெண்டு தட்டு வைக்காமப் போயிட்டாங்களே?

— தட்டா? தட்டு டாக்டர்களுக்கு. நாம சட்டியில இருந்தேதான் சாப்பிடணும். உன் முன்னாடி இருக்கு பாரு, இங்கேருந்து நடு வரைக்கும், கேக்குத் துண்டு மாதிரி. அது உன் நாடு. எதிர்த்தாப்புல என் நாடு. ஓரத்துல இருந்து நடுவை நோக்கிப் போகணும். எல்லையை மட்டும் தாண்டக் கூடாது. ம், அஞ்சு நிமிஷம் ஆச்சு.

— மூணுதான் ஆச்சு.

— என் வயசுல மூணு அஞ்சு மாதிரி. ஆரம்பி. நில்லு! நில்லு நில்லு! அது என் மொச்சை!

— ஒரே ஒரு மொச்சைதானே ஐயா?

— ஒரே ஒரு மொச்சையா? என் பெரியப்பா ஒரு ஞாயித்துக்கிழமை தம்பி பக்கத்துல இருந்து ஒரே ஒரு மொச்சையை எடுத்தார். இருபத்தாறு வருஷம் பேச்சுவார்த்தை இல்ல. ரெண்டு கல்யாணம் நின்னுச்சு. கோயில்ல ஒரு குடும்பம் இடது பக்கம், ஒரு குடும்பம் வலது பக்கம், பாதிரியார் பிரசங்கத்தை நடுவுல பார்த்துப் பண்ணுவார். கடைசியில பெரியப்பா அந்த மொச்சையைப் பதிவுத் தபால்ல திருப்பி அனுப்பிச்சார்.

— வாங்கிக்கிட்டாரா?

— தபால் செலவு யார் குடுக்குறதுன்னு அடுத்த சண்டை.

— இந்தாங்க, உங்க மொச்சை. உங்க வீட்டுல யார் கூடச் சாப்பிடுவீங்க, இப்படிச் சட்டியில?

— திரினி. என் பெண்டாட்டி. மார்ச் மாசம் போயிட்டா.

— மன்னிச்சுக்கோங்க ஐயா. அவங்களும் எல்லை தாண்ட மாட்டாங்களா?

— நாப்பத்துநாலு வருஷத்துல ஒரு தடவை கூட இல்ல. கரண்டி எல்லைக்கு அந்தப் பக்கமே நிக்கும். ஆனா ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவே இல்ல. முயல் ஈரல் அவ பக்கத்துல இருக்கும். நான் ரொட்டி எடுக்கத் திரும்புவேன். திரும்பிப் பார்த்தா என் பக்கத்துல இருக்கும். செத்த முயல், அதோட ஈரல், எப்படி நடக்கும்? இது பொய்யில்ல.

— இல்ல ஐயா.

— மத்ததுல கொஞ்சம் இருக்கலாம். இது இல்ல.

— ரொட்டி எடுக்கணுமா? உங்களுக்குப் பின்னாடி இருக்கு பாருங்க.

— எங்க… இந்தக் கூடையிலயா? ம். இந்த ஈரல்…

— என்ன ஆச்சு ஐயா?

— ஒண்ணுமில்ல. அடியில காந்தல் பிடிச்சிருக்கு பாரு, சுரண்டு, ஆறினா இரும்பு மாதிரி ஆயிடும். எல்லைக்குள்ளேயே சுரண்டு. அப்படித்தான். ஒரு பருக்கை விடாதே.

— நீங்க மட்டும் பசியில்லைன்னு சொல்லிட்டு உங்க நாட்டைக் காலி பண்ணிட்டீங்களே!

— விருந்தாளி மனசு நோகக் கூடாதுல்ல. உன் நாட்டுலயும் ஒரு மூலை சும்மா கிடக்குது… இல்ல இல்ல, வேணாம், பதிவுத் தபாலுக்கு என்கிட்டக் காசில்ல. நான் போய்க் கையைக் கழுவிட்டு வரேன். ஒரு ரகசியம் சொல்லட்டுமா எல்வீரா? நீ வருத்தப்படக் கூடாது. அந்தக் கடல் தெரியுற கடை, அது ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல.

— அப்ப என்னை ஏமாத்திட்டீங்களா!

— கொஞ்சூண்டு. இரு, வந்துடறேன்.

— போயிட்டாரா?

— கொல்லைப் பக்கம் போயிருக்காரு விசென்டாக்கா. சட்டியில அவர் பக்கத்தைப் பாருங்க, கழுவவே வேணாம்.

— ஆண்டவரே! அவர் பாதி முழுசையும் அவரேதான் தின்னாரா?

— ஈரல் உட்பட. இப்பத்தான் எனக்கு மூச்சு வருது. புர்கோஸாம், நடந்து வந்தேனாம்! பிறந்து வளர்ந்தது இதோ பக்கத்து ஊரு சூக்கா. எங்கப்பன் வயல்ல முழங்கால் சேத்துல நின்னு நட்ட அரிசிதான் இந்த ஊரே திங்குது. நான் போய் 'சாசேஜு போடுவீங்களா'ன்னு கேட்டேன். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுல சேர்க்க மாட்டா.

— நீ அதைக் கேட்டப்போ நான் உள்ள போய்ச் சுவத்தைப் பிடிச்சுகிட்டுச் சிரிச்சேன். என்ன பண்றது எல்வீரா, நாலு மாசத்துல பதினோரு கிலோ இளைச்சுட்டாரு. சாப்பாடு குடுத்து அனுப்பினேன், துணி கூடப் பிரிக்காமத் திருப்பி அனுப்பிட்டாரு. கூப்பிட்டா 'பரிதாபத்துக்குச் சாப்பிடறவன் நான் இல்ல'ங்கறாரு. ஒருநாள் வழி கேட்ட ஒரு ஜெர்மன்காரன்கிட்ட அந்த முனைக் கடையைப் பத்திப் பொய் சொல்லி இங்க இழுத்துட்டு வந்து, பாதிச் சட்டி தின்னாரு பாரு. அன்னிக்குத்தான் அந்த ரெண்டு பேரு சட்டத்தை எழுதிக் கதவுல மாட்டினேன்.

— அப்ப ஒரு ஆளுக்கும் வைப்பீங்களா?

— வைக்காம? சின்னச் சட்டி ஆறு இருக்கு, கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன். உன்னை மாதிரியே அந்த டச்சுக்காரரும் நான் அனுப்பினவர்தான், என் பல் டாக்டர். யாரையாவது ஏமாத்தினாத்தான் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்குது.

— பாவம், கொஞ்சம் கூடச் சந்தேகமே வரல.

— கையைக் கழுவிட்டேன் விசென்டா, ரெண்டு காபி போடு. அப்புறம், நாளைக்கு அனுப்புறது நிஜமாவே ஒண்ணும் தெரியாத ஆளா இருக்கட்டும்மா. உங்க ரெண்டு பேர் மனசும் நோகாம, ஏமாத்துறவன் மாதிரி நடிச்சு நடிச்சே எனக்குப் பாதி பசி போயிடுது.