மேலும் விவாதம் தேவை

"ஹலோ... ஹலோ, வாத்தியாரே? கேக்குதா?... நான்தான், தையல்கடை... ஆமா, ஆமா, ஆஸ்பத்திரியிலேருந்துதான் பேசறேன். வெச்சுடாதீங்க. ரெண்டே நிமிஷம்."

ஆண்கள் வார்டுக்கு வெளியே, கைகழுவும் தொட்டியை ஒட்டி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றாள் தையல்கடைக்காரி. பாதி வெட்டிய துணியை மேசையிலேயே போட்டுவிட்டுக் காலையில் ஓடிவந்தவள். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது. கையில் ஒரு படிவம். அதில் ஒரு ஆளின் பெயர் வேண்டும். மணி ஒன்றேகால்.

"நம்ம லைப்ரரி அண்ணனுக்கு ரெண்டு மணிக்கு ஆபரேஷன்... ஆமா, கால்தான். சக்கரைப் புண்ணு. இன்னைக்குச் செஞ்சா ரெண்டு விரலோட போயிடும், தள்ளிப்போட்டா முழங்காலுக்குக் கீழ இருக்காதுன்னு டாக்டரம்மா முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க... அதான் சொல்ல வர்றேன். கூட ஒரு ஆள் கையெழுத்துப் போட்டு, மூணு ராத்திரி தங்கினாத்தான் தியேட்டருக்குள்ள எடுப்பாங்களாம்... நான் இருக்க மாட்டேனா? இது ஆம்பளைங்க வார்டு வாத்தியாரே, ஆறு மணிக்கு மேல பொம்பளைங்களை வெளிய அனுப்பிடுவாங்க. ஒரு ஆம்பளை வேணும். நம்ம வட்டத்துல பதினாறு ஆம்பளைங்க. நான் என்ன பட்டாளமா கேக்கறேன்?"

வட்டம் என்றால் கடவுள் இல்லை என்பவர்களின் படிப்பு வட்டம். மாதம் ஒருமுறை கூடி, வாய் கிழியப் பேசி, நன்றியுரையோடு கலைவார்கள். இயற்பியல் வாத்தியார் அதன் செயலாளர். நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த அண்ணன்தான் அதைத் தொடங்கியவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, ராசியில்லை என்று யாரும் படுக்காத பதிமூன்றாம் எண் கட்டிலைத் தனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். அந்த அளவுக்குக் கொள்கைப் பிடிப்பு.

"குரூப்பா? குரூப்பைப் பத்திப் பேசாதீங்க, எனக்கு வயிறு எரியுது. அவரு படுத்து நாலு நாளாச்சு. முதல் நாளே நான் போட்டேன், முறை வெச்சு ஆளுக்கு ஒரு வேளை போய்ப் பார்க்கலாம்னு. நீங்க என்ன செஞ்சீங்க? ஓட்டெடுப்பு வெச்சீங்க. 'சேவை முறை ஏற்படுத்தலாமா? ஆம். இல்லை. மேலும் விவாதம் தேவை.' ஒன்பது பேரு எதுல குத்தினாங்க?... ஆமா! விவாதம் தேவையாம்! அந்த மனுஷன் ஒண்ணுக்குப் போகணும்னா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறாரு, இங்க மதத்தைக் காப்பியடிக்கறோமா இல்லையான்னு நாற்பது மெசேஜ்... இல்ல, நான் கத்தல. சரி, கத்தறேன்."

துடைப்பக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். தையல்கடைக்காரி குரலை இறக்கினாள். ஆனால் சூடு இறங்கவில்லை.

"பக்கத்துப் பன்னிரண்டாம் கட்டில்ல ஒரு லாரி டிரைவர். ஏதோ பிரார்த்தனைக் கூட்டத்தைச் சேர்ந்தவரு... எந்தக் கூட்டமா இருந்தா என்ன? கேளுங்க. அவங்ககிட்ட ஒரு நோட்டு இருக்கு. காலையில ஒருத்தர், மதியம் ஒருத்தர், ராத்திரி ஒருத்தர். 'இன்னைக்கு என் முறை'ன்னு சொல்லிக்கிட்டே வர்றாங்க. ரெண்டாம் நாளே நம்ம அண்ணன் பேரையும் அதுல எழுதிட்டாங்க வாத்தியாரே. சாமி கும்பிடுவீங்களான்னு கேக்கல. டீயில சக்கரை போடலாமான்னு மட்டும் கேட்டாங்களாம். இவரு அவங்ககிட்டயே கடவுள் இல்லைன்னு ஒரு மணி நேரம் பேசியிருக்காரு. கேட்டுக்கிட்டே ஃபிளாஸ்க்கைக் கழுவி வெச்சுட்டுப் போயிருக்காங்க... சிரிக்காதீங்க, சிரிக்கற விஷயமா இது?"

"...அவங்க கையெழுத்துப் போடத் தயார்தான். இவருதான் மாட்டேங்கறாரு. 'எங்க ஆளுங்க வருவாங்க'ங்கறாரு. நாலு நாளா அதேதான் சொல்றாராம். கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கறாரு. எனக்கு மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறதுன்னு தெரியல. நர்ஸம்மாகிட்ட, ஆள் ஆட்டோ ஏறிட்டாருன்னு புளுகி வெச்சிருக்கேன். நீங்க வாங்க. உங்க வீட்டுலேருந்து இருபது நிமிஷம்."

அவள் சுவரில் சாய்ந்தாள்.

"சொல்லுங்க... பேச்சு தயார் பண்ணணுமா? எந்தப் பேச்சு?... 'மதமில்லாத அறம்'. ஞாயித்துக்கிழமை. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு வாத்தியாரே! இங்க ஒரு மனுஷன் காலு போகுது, அறத்தைப் பத்தி அங்க குறிப்பெடுங்க... சப்பைக்கட்டு கட்டாதீங்க. பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க... என்னது?... எந்த மாடி?... மூணாவது மாடிதான். ஏன்?"

வாத்தியார் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'ம்' என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து இழுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். வாத்தியாரின் மனைவி இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனது இந்த ஆஸ்பத்திரியில்தான் என்று அவளுக்குத் தெரியும். இதே மாடியில் பதினோரு நாள் கிடந்தாள் என்பதும், அந்தப் பதினோரு நாளும் வட்டத்திலிருந்து ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது.

"ஆமா... தீர்மானம் போட்டோம். இரங்கல் தீர்மானம். ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னோம்... நானும் வரல. மறைக்க என்ன இருக்கு... லைப்ரரி அண்ணனும் வரல. அதனாலதான்... இப்ப புரியுது. காலையில அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'வாத்தியாரை மட்டும் கூப்பிடாதேம்மா, எந்த முகத்தோட கேக்கறது'ன்னாரு. எனக்கு விளங்கல. அவரு சொன்னதையும் மீறித்தான் கூப்பிட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வரணும்னு நினைச்சேன் வாத்தியாரே. சத்தியமா நினைச்சேன்... சரி, நமக்குச் சத்தியம் கிடையாது, நிஜமா நினைச்சேன். பள்ளிக்கூடத் துணி தைக்கற சீசன்னு எனக்கு நானே காரணம் சொல்லிக்கிட்டேன். நிஜம் அது இல்ல. வந்து என்ன சொல்றதுன்னு தெரியல. ஆண்டவன் பார்த்துப்பான்னு சொல்ல முடியாது, நல்ல இடத்துக்குப் போயிட்டாங்கன்னு சொல்ல முடியாது. சொல்ல வார்த்தை இல்லாம எப்படி வந்து நிக்கறதுன்னு வெட்கப்பட்டுக்கிட்டு வீட்டுலயே இருந்துட்டேன். இங்க வந்து பார்த்தா, அவங்களும் ஒண்ணும் பெரிசாச் சொல்லல. வர்றாங்க. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்கார்றாங்க. நகம் வெட்டி விடறாங்க. பேசத் தெரியாம இல்ல வாத்தியாரே நாம வராம இருந்தது. பேச மட்டும்தான் நமக்குத் தெரியும்."

வார்டின் கதவு திறந்து, நர்ஸ் தலையை நீட்டி, மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். ஒன்று முப்பத்தைந்து.

"இதோ இதோ, அஞ்சு நிமிஷம்மா!... உங்களை இல்ல வாத்தியாரே, நர்ஸம்மாவை. கேளுங்க, உங்களுக்கு இஷ்டமில்லன்னா விட்டுடுங்க. அவரு உங்களுக்கு வரல. நீங்க வரணும்னு கேக்க எனக்கு வாயே இல்ல. நான் அந்த டிரைவர் ஆளுங்க கால்ல கையில விழுந்து, அண்ணனை எப்படியாவது... என்ன?... எதை?... சக்கரையா? அவருக்கு ஆகாதே, சக்கரை வியாதிக்காரராச்சே. சக்கரை இல்லாமதான் டீ... ஆனா இப்ப ஒண்ணும் குடிக்கக் கூடாது, சாயங்காலத்துக்கு மேலதான்... எதுக்குக் கேக்கறீங்க?"

போனுக்குள் ஏதோ பாத்திரம் உருண்டது. குழாய்த் தண்ணீர் விழுந்து நின்றது.

"வாத்தியாரே?... என்ன சத்தம் அது?... ஃபிளாஸ்க்கு மூடியா?... பழைய ஃபிளாஸ்க்கா? உங்க வீட்டம்மாவுக்கு அப்ப கொண்டுவந்ததா?... சரி. சரி. அழாதீங்க. மூணாவது மாடி, கண்ணை மூடிக்கிட்டாவது வாங்க, படிக்கட்டுல நான் நிக்கறேன்... இருங்க, இருங்க, வெச்சுடாதீங்க! படிவத்துல 'நோயாளிக்கு உறவுமுறை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்? நண்பர்னா ஒத்துக்குவாங்களா? அண்ணன் தம்பின்னு எழுதிடவா?... ஹலோ?... ஹலோ?"

கட்டாகிவிட்டது.

தையல்கடைக்காரி படிவத்தைச் சுவரில் வைத்து, வாத்தியாரின் பெயரை எழுதினாள். உறவுமுறை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு, 'இன்னைக்கு இவர் முறை' என்று எழுதி நீட்டினாள்.

நர்ஸ் படித்தாள். புருவத்தைத் தூக்கினாள். ஆள் வந்து கையெழுத்துப் போட்டால் சரி, நாளைக்கு யார் முறை என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அவள் பின்னாலேயே போய், பன்னிரண்டாம் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவரிடம் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துத் தர முடியுமா என்று கேட்டாள் தையல்கடைக்காரி. பதிமூன்றாம் கட்டிலிலிருந்து அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த ஆள் சந்தோஷமாகக் கிழித்துக் கொடுத்தார். தாளின் தலைப்பில் ஒரு பிரார்த்தனை வரி அச்சாகியிருந்தது. வேண்டுமானால் அதைக் கத்தரித்துத் தரட்டுமா என்று சங்கடத்தோடு கேட்டார்.

வேண்டாம் என்றாள். அதற்குக் கீழே பதினாறு பேரை எழுத இடம் இருந்தது.