வடக்குச் சரிவின் பனி

எனக்குத் தேநீரில் பால் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும் ஐயா. குறை சொல்வதாக நினைக்காதீர்கள், கேட்டதால் சொல்கிறேன்.

நானும் உலார்பெக்கும் ஜிர்கலான் மலைக்கிராமத்தில் ஒரே குளிர்காலத்தில்தான் பனிச்சறுக்கு வழிகாட்டிகளாகச் சேர்ந்தோம். பதினொரு வருடம். பனியைச் சோதிப்பது நான், சறுக்கிக் காட்டுவது அவன். காலையில் முன்னால் போய், சரிவின் ஓரத்தில் இடுப்பளவு குழி வெட்டுவேன். அதன் சுவரில் ஒரு தூணைச் செதுக்கி, மேலே மண்வாரியை வைத்துத் தட்டுவேன். மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளால் பத்து. முப்பதும் தாங்கினால், விருந்தினர் குடிலின் கதவுப் பலகையில் ‘போகலாம்’ என்று எழுதி என் பெயரைப் போடுவேன். எங்கே வெட்டினாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் மலையில் அப்படிக் கேட்பது ஆளை அவமதிப்பது.

விருந்தினர்கள் எல்லாரும் உலார்பெக்கைக் கேட்டுத்தான் வருவார்கள். அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மனைவி புருல்கூட இன்னொரு தட்டு போர்சோக் பொரிப்பாள். அன்றைக்கெல்லாம் எனக்கு வயிறு எரியும். எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளாது.

பிப்ரவரியில் ஒருநாள் குடிலின் சாப்பாட்டு மேசையில் உலார்பெக் என் தோளில் கையைப் போட்டு, புதிதாக வந்தவர்களிடம் சொன்னான்:

“இவன்தான் எங்க ஊரு குழிவெட்டி. இவன் தோண்டிக்கிட்டே இருப்பான், நான் பறந்துக்கிட்டே இருப்பேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த புருல் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை வடக்குச் சரிவில் வெட்டினேன். மூன்றாவது தட்டிலேயே தூண் உடைந்தது. அடியில் பனி சர்க்கரையாக உதிர்ந்தது. குழியை மூடினேன். ஐம்பதடி கீழே, மரங்களுக்கு நடுவில், இன்னொன்று வெட்டினேன். அங்கே முப்பதும் தாங்கியது. ‘போகலாம்’ என்று எழுதினேன். நான் வெட்டிய இடத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

“வடக்குச் சரிவா? நீ சொன்னா சரிதான்டா,” என்றான் உலார்பெக்.

விருந்தினர்களுக்கு ஆபத்து வராது என்பதையும் யோசித்தேன். அவர்களை முகட்டில் நிறுத்திவிட்டு அவன் எப்போதும் தனியாகத்தான் முதலில் இறங்குவான். அன்றும் ஐந்தாறு திருப்பம் அழகாகவே போட்டான். பிறகு, பாயை உருவியது போல, சரிவு மொத்தமும் கீழே போனது.

மிச்சப் பனியும் சரியலாம், யாரும் இறங்கக் கூடாது என்று முகட்டில் என்னோடு நின்றவர்களிடம் கத்திவிட்டு, மரங்களின் ஓரமாக நான் மட்டும் இறங்கினேன். அவன் மார்பில் கட்டியிருந்த சமிக்ஞைப் பெட்டியைப் பிடித்து, நான்கு நிமிடத்தில் என் கருவி அவன் இருந்த இடத்தைக் காட்டியது. ஒன்றரை மீட்டர் ஆழம். பனிக்கடியில் மனிதனுக்குக் கால்மணி நேரம் உண்டு. ஆனால் நான் வெட்டும் விதம் வேறு ஐயா. சுவர் நேராக வர வேண்டும், ஓரம் சிதையக் கூடாது. அவசரப்பட்டு எனக்குப் பழக்கமில்லை. நாற்பது நிமிடம் ஆனது. மூச்சுக்கு இடம் விட்டு, முகத்துக்கு முன்னால் கையை வைத்திருந்தான். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பொறாமை என்று ஊரில் பேசுகிறார்களாமே, அதை மட்டும் எழுதாதீர்கள். அவன்மேல் எனக்கென்ன பொறாமை.

நேற்று அவன் செத்த நாற்பதாம் நாள் விருந்து. எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியுமா? புருல் அழுதாளா?