உயிரோடிருந்தவனுக்கு வைத்த படையல்

"ஹலோ... ஹலோ, குருபோங் தோட்டத்து ஆபீஸா?... ஆமாங்க, ஆமாங்க, கொஞ்சம் முன்ன கூப்பிட்டவதான். லோரி டிரைவர் தம்பிராஜா வந்துட்டாரா?... பக்கத்துலயே நிக்கிறாரா? அவருகிட்ட குடுங்க ஐயா. யாருன்னு மட்டும் சொல்லாதீங்க, சும்மா குடுங்க..."

சந்திரமதி ரிசீவரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காஜா பெராங் சாலையில் ஆணியும் சிமெண்டும் விற்கும் சீன முதலாளி, தவுக்கேயின் கடை அது. தவுக்கே நல்ல மனுஷன். போனை அவள் பக்கம் நகர்த்திவிட்டு வாசலில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். சாலைக்கு அந்தப் பக்கம், மெர்டேக்காவுக்காக அவள் புருஷன் எழுப்பிக்கொண்டிருந்த வளைவின் சாரம் சரிந்து கிடந்தது. மாதக் கடைசியில் நாட்டுக்குச் சுதந்திரம், அதற்குள் முடித்தாக வேண்டும் என்று மேஸ்திரி பொன்னுதுரை காலையில் தானே மேலே ஏறினார். ஐம்பதை நெருங்குகிற ஆள் ஏன் ஏற வேண்டும், ஏறுவதற்கு இளவட்டக் கூலியாட்களா இல்லை? சொன்னால் கேட்கிற ஜென்மமா அது.

இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். உள்ளுக்குள் ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. அவருடையது லேசில் யாருடையதும் சேராத வகையாம். இருந்த புட்டியை ஏற்றியாகிவிட்டது. கூலியாட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கையை நீட்டினார்கள், ஒருவருடையதும் சேரவில்லை. சேரும் என்று சந்திரமதிக்கு நிச்சயமாகத் தெரிந்த ரத்தம் ஒன்றுதான். அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர் பத்து வருஷமாக அவர்கள் வாசல்படி மிதித்ததில்லை.

"... அண்ணே? நான் சந்திரமதி. மேஸ்திரி வீட்டு... வெச்சிராதீங்க. அண்ணே, வெச்சிராதீங்க, ஒரு பேச்சு கேட்டுட்டு வைங்க..."

வைக்கவில்லை. சாரம் சரிந்ததையும் டாக்டர் உதட்டைப் பிதுக்கியதையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"... இல்ல அண்ணே, அவரு அனுப்பல. அவருக்கு நெனவே இல்ல. நானாத்தான் வந்தேன்... ஆமா. ஆமா, ரத்தம் வேணும். உங்க ரத்தம்... வேற யாருகிட்ட போயி கேப்பேன்? பர்மாவுல, மேமியோ ஆஸ்பத்திரியில அவருக்கு வயித்துல குண்டு பட்டுக் கெடந்தப்ப பக்கத்துக் கட்டில்ல படுத்துக் குடுத்தது நீங்கதானே..."

இருவரும் சிரம்பானில் ஒரே நாளில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டு, பர்மாவின் மலையெல்லாம் நடந்தவர்கள். திரும்பி வந்தது பொன்னுதுரை மட்டுந்தான். வந்ததும் நேரே தம்பிராஜாவின் பெண்சாதி மல்லிகாவிடம் போய், உன் புருஷன் போய்விட்டான் அம்மா என்று சொல்லி அழுதார். மல்லிகா தாலியைக் கழற்றினாள். அந்த வருஷத்திலிருந்து ஆடி அமாவாசைக்கு அமாவாசை தம்பிராஜா படத்துக்கு மாலை போட்டு, இலை விரித்துப் படையல் வைத்து, எள்ளும் தண்ணீரும் விட்டார் பொன்னுதுரை. பெற்ற தகப்பனுக்குச் செய்வதைப் போலச் செய்தார். அப்படி ஓர் ஆடி அமாவாசையில்தான் எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்றார் தம்பிராஜா. தன் படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்தார். இலையில் தனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு இருப்பதையும் பார்த்தார். வந்த வழியே திரும்பி நடந்தார்.

கோயிலில் வைத்து மல்லிகாவுக்கு மறுபடி தாலி கட்டினார். அடுத்த வருஷம் பிரசவத்தில் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. உயிரோடு இருக்கிறவனுக்குக் கருமாதி செய்த கைதான் தன் வீட்டைக் காலி செய்தது என்று தம்பிராஜா நம்பினார். இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ம்... ம்... ஆமா அண்ணே... தெரியும். கழட்டுன தாலி நிக்கலன்னு நீங்க சொல்றது... ம்... அந்தப் பாவம் எங்களுதுதான்னே வெச்சுக்கோங்க. நான் மறுத்தா பேசுறேன்? மல்லிகா போன சேதி கேட்டு உங்க தோட்டத்துக்கு வந்தாரே, வாசல் கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டீங்க. மழையில நனைஞ்சுக்கிட்டு வீடு வந்து சேந்தாரு..."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொத்தனார் கலியாணசுந்தரம் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். சந்திரமதி ரிசீவரின் வாய்ப்பக்கத்தைக் கையால் மூடினாள். நாடி இறங்கிக்கொண்டே போகிறது, சீக்கிரம் என்று அவர் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் நிற்க இடமில்லையாம். பெண்டஹாரா சாலையில் மேஸ்திரி கடை கட்டிக்கொடுத்தவர்கள் எல்லாம் கடையை அடைத்துவிட்டு வந்துவிட்டார்களாம். தலைமுறை தலைமுறையாக இங்கேயே தங்கித் தமிழை மறந்துபோன சிட்டி வம்சத்துப் பெண்கள்கூட, கூரை போன வீட்டை மழைக்கு முன் எழுப்பிக்கொடுத்தவர் என்று மலாய் மொழியில் சொல்லி அழுதுகொண்டு நிற்கிறார்களாம். ஊரே நின்று என்ன புண்ணியம்? ஊர் ரத்தம் சேரவில்லையே.

"அண்ணே, இருக்கீங்களா?... ஊரு அவர பட்டாளத்து மேஸ்திரின்னு தூக்கி வெச்சுப் பேசுது. அதக் கேட்டா அவருக்குச் சிரிப்பு வராது, மூஞ்சி சுருங்கிப்போயிரும். ஏன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது... என்ன சொன்னீங்க?"

அவள் முகம் மாறிவிட்டது. இவ்வளவு நேரம் கெஞ்சிய குரல் எங்கே போயிற்றோ.

"விட்டுட்டு ஓடுனவரா? யாரு, அவரா?... நிறுத்துங்க. நீங்க பேசுனது போதும், இப்ப நான் பேசுறேன். காய்ச்சல்ல கெடந்த உங்கள ஆத்தோரத்துல படுக்க வெச்சுட்டு, தண்ணி கொண்டாறேன்னு போனாரு. அதானே? வரவே இல்ல, அதானே?... வந்தாரு அண்ணே. தண்ணியோட வந்தாரு."

சந்திரமதி விடவில்லை.

"ஆத்துத் தண்ணி பூரா பொணமா கெடந்துச்சாம், அதக் குடிக்கக் குடுக்க மனசு வரல. கிராமத்துக் கெணத்துக்குப் போனாரு. வெள்ளக்காரன் ப்ளேன் சுத்தி சுத்தி வந்து சுட்டுச்சு. விடியற வரைக்கும் பள்ளத்துல படுத்துக் கெடந்துட்டு, விடிஞ்சதும் வந்தாரு. உங்க போர்வையும் ஒத்தச் செருப்பும் கெடந்துச்சு, நீங்க இல்ல. ராத்திரி ஆறு ஏறியிருந்துச்சு. கொண்டுபோயிருச்சுன்னு நெனச்சுட்டாரு... ஆமா... பர்மாக்காரங்க உங்களத் தூக்கிட்டுப் போயி காப்பாத்துனது அவருக்கு எப்படித் தெரியும்? கூப்பிட்டுக்கிட்டே கரையெல்லாம் நடந்தாராம்."

தம்பிராஜா என்னவோ கேட்டார். பிறகு அதையே மறுபடி கேட்டார்.

"... ஆமா, வந்தாரு... ஆமா அண்ணே, அந்த எடத்துக்கேதான்... ஏன் சொல்லலயா? சொல்ல வந்தவரத்தான் கேட்டுலயே திருப்பிட்டீங்களே. அப்புறம் நான் போய்ச் சொல்றேன்னா விடமாட்டாரு. 'ஒரு ராத்திரி லேட்டா வந்தேன் புள்ள, அதச் சொல்லி நான் நல்லவனாவணுமா'ம்பாரு. எள்ளுத் தண்ணி விடுறப்ப என்ன சொல்லுவாரு தெரியுமா? மந்திரமெல்லாம் தெரியாது. 'தம்பி, குடிச்சுக்கோடா'ன்னு மட்டும் சொல்லுவாரு..."

அந்தப் பக்கத்தில் தம்பிராஜா வாய்விட்டு அழுதார், ஆபீஸ் என்றும் பாராமல். அழுகை நின்றதும் கேள்விகள் ஆரம்பித்தன. எந்தக் கிராமத்துக் கிணறு, எந்தக் கரையில் நடந்தான், போர்வையை என்ன செய்தான். பத்து வருஷமாகப் பேசாமல் இருந்த மனுஷனுக்குப் பேச்சை நிறுத்தத் தெரியவில்லை. சந்திரமதி ம், ம் என்று கேட்டாள். வாசலில் கலியாணசுந்தரம் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே... ஆமா... அண்ணே, லோரி ஆபீஸ்லதான நிக்குது?... ஆமா, கூப்பிட்டாரு, பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாரு... அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க. எனக்கு இவ்வளவுதான் தெரியும். மிச்சத்த அவருகிட்ட வந்து கேளுங்க... இல்ல, இன்னொரு வார்த்தையும் சொல்லமாட்டேன். நீங்க இந்தப் போனப் புடிச்சுக்கிட்டு நிக்கிற வரைக்கும் லோரி கெளம்பாது."

வைத்துவிடாதே, வைத்துவிடாதே என்று இத்தனை நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள்தான். அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே ரிசீவரை வைத்தாள்.