பாதி போனால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டவருக்கு

அச்சத்தை அவமதிக்காத அருங்குணத் தலைவியே! ஆசையை அளந்து பார்த்து ஆலோசனை சொன்ன அன்பு அக்காவே! முப்பத்தோராண்டுகள் நம் வங்கியின் முதலீட்டு ஆலோசனை மேசையில் அமர்ந்து, ஊரார் சேமிப்பைத் தம் வீட்டுச் சேமிப்பாய்க் காத்து, இன்று பணி நிறைவு பெறும் பெருந்தகையே, வணக்கம்!

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கால் ஆடும் அந்த மேசையை நினைத்தாலே நெஞ்சம் நெகிழ்கிறது. பங்குத் திட்டம் கேட்டு வருகிற எவரையும், "போட்ட பணம் பாதியாப் போச்சுன்னா வீட்ல யார்கிட்ட முதல்ல சொல்வீங்க?" என்று கேட்பீர்கள். வந்தவர் முகம் வெளிறும். "பாதி அக்கா" என்று உங்களுக்குப் பட்டப்பெயரே வைத்தோம்! நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். கேள்வியை மட்டும் விடவில்லை.

இழப்பை எவ்வளவு தாங்குவீர்கள் என்று கேட்கும் படிவத்தைக் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே தந்து, தள்ளித் தள்ளி உட்கார வைத்தது நீங்கள் ஒருவரே. பங்கு விலை பறந்த ஆண்டில் வந்த தையற்காரர் 'எவ்வளவும் தாங்குவேன்' என்று குறித்தார். செவிலியான அவர் மனைவியோ 'சிறிதும் தாங்கேன்' என்றார். பத்து வருடம் ஒன்றாய்க் குடித்தனம் செய்தவர்களுக்கு அன்றுதான் அது தெரிந்தது. "விலை ஏறுறப்ப எல்லாரும் வீரங்கதான். அந்த வீரமே விலையை இன்னும் ஏத்திவிடுது" என்று சொல்லி, மகளின் படிப்புப் பணத்தை வைப்பு நிதியில் போட வைத்தீர்கள். மிச்சம்தான் பங்குக்குப் போனது.

அந்த ஆண்டு இலக்கை நீங்கள் எட்டவில்லை. இம்மடலை எழுதி வாசிக்கும் நான், அன்றைய பக்கத்து மேசைக்காரன், எட்டினேன். 'எவ்வளவும் தாங்குவேன்' என்ற கட்டத்தை வந்தவர்களுக்காக நானே நிரப்பிவிட்டேன். மேலாளர் பதவி எனக்கு வந்தது.

மறு ஆண்டு விலை சரிந்தது. பயந்தவர்கள் விற்க, விற்க விற்க விலை மேலும் விழ, என் வாடிக்கையாளர்கள் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுக் கலங்கி நின்றார்கள். தையற்காரரும் விற்கத்தான் ஓடி வந்தார். "பாப்பா படிப்புப் பணம் பத்திரமா இருக்குல்ல, வாங்க வீட்டுக்கு" என்று மனைவி அழைத்துப் போனார். விலை மீளும்வரை பொறுக்க அவர்களால் முடிந்தது. என் மேசைமுன் அழுதவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்ததும் நீங்கள்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா, அந்தப் பதவி உங்களுக்கு வந்திருக்க வேண்டியது. படிவங்களை நான் நிரப்பியது உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தே பதினாறு ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தேன். இனி இம்மடல் உங்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கட்டும். வருகிறவர்கள் எல்லாரும் படிக்கட்டும்.

நோயின்றி, நிறைவோடு, நெடுங்காலம் வாழ்க!

இங்ஙனம்,
இதை உங்களோடு இப்போதுதான் முதன்முறை கேட்கும் கிளை ஊழியர்கள்;
அவர்களோடு, தலைகுனிந்து, மேலாளர்.