மிசினில் கேட்டது என் நெஞ்சு

வெடி.

நான் தரையில் கிடக்கிறேன். கைகள் காதுகளைப் பொத்தியிருக்கின்றன. வாய் திறந்திருக்கிறது. வாயைத் திறந்து வைத்தால் செவிப்பறை கிழியாது. பங்கருக்குள் அப்படித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

இது ஷெல்லுக்குப் பதுங்கிக் கிடந்த பங்கர் இல்லை. வன்னியும் இல்லை. கண்டி நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ அறை. நான் நிறைமாதக்காரி. காலையில் பிடித்த வலி பொழுதுபட்டும் விடவில்லை. கட்டிலிலிருந்து எப்போது இறங்கினேன், எப்படி இறங்கினேன், தெரியாது. வயிற்றில் கட்டியிருந்த இரண்டு பட்டிகளும் அவிழ்ந்து தொங்குகின்றன. மிசின் கீச்சிடுகிறது.

"அம்மா! இறங்க வேணாம்! பபாக்கு அடிபடும்!" மிஸி ஓடி வருகிறார். சிங்களத் தாதி. அவசரத்திலும் எனக்காகத் தமிழில் கத்துகிறார்.

தலதா மாளிகையின் யானை ஊர்வலம், பெரஹரா, புறப்படுகிறது. அதை அறிவிக்கத்தான் அந்த வெடி. எனக்கு இது தெரியாததல்ல. கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஐந்து பெரஹரா பார்த்துவிட்டேன். என் கணவர் மலையகத்துக்காரர். பிலிமத்தலாவையில் இரும்புக் கடையொன்றில் வேலை. வாசலில் என்னை விட்டுப் போகும்போதுகூடச் சொன்னார். "இன்னைக்கு வெடி போடுவாங்க புள்ள. வெறும் சத்தந்தான். பயந்துறாத." மண்டைக்கு அது விளங்கியது. கை கால்களுக்கு யார் விளங்கப்படுத்துவது?

என்னைத் தூக்கிக் கட்டிலில் போடுகிறார்கள். மிஸி பட்டிகளை மறுபடி கட்டுகிறார். ஒன்று மேல்வயிற்றில், வலியை அளக்க. மற்றது அடிவயிற்றில், பிள்ளையின் இதயத்தைக் கேட்க. ஜெல் குளிர்கிறது. அந்தப் பட்டியில் கோத்த, சத்தம் பிடிக்கிற வில்லையை அங்கும் இங்கும் நகர்த்துகிறார். கரகரப்பு. பிறகு சத்தம் பிடிபடுகிறது. டக்டக் டக்டக் டக்டக். தையல் மிசினை அவசரமாக மிதிப்பது போல.

நூற்று நாற்பது.

"பபா ஹொந்தாய்" என்கிறார் மிஸி. பிள்ளை நன்றாக இருக்கிறதாம். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். அங்கேயும் ஒருத்தி அலறுகிறாள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இலக்கம் சரியாகத்தான் இருந்தது.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

வீதியில் ஊர்வலத்துக்கு முன்னால் சாட்டை அடித்து வருகிறவர்கள் வந்துவிட்டார்கள். படார். படார். யன்னல் திறந்தே கிடக்கிறது. ஒவ்வொரு படாருக்கும் என் தோள் துள்ளுகிறது. மிசினும் துள்ளுகிறது. நூற்று ஐம்பது. நூற்று அறுபது. வலி வருகிறது. இலக்கம் இன்னும் ஏறுகிறது. வலி போகிறது. இலக்கம் இறங்குகிறது.

பின்னேரம் இப்படி இருக்கவில்லை. வலி வந்தபோது சத்தம் கொஞ்சம் தளர்ந்தது, வலி விட்டதும் நிமிர்ந்தது. டொக்டர் கடதாசியில் ஓடிய கோட்டைக் காட்டி விளங்கப்படுத்தினார். அக்குறணைப் பெண் அவர், தமிழிலேயே பேசுவார். "வலியோட இறங்கி, வலி விட்டதும் ஏறினா பயமில்ல தங்கச்சி. வலி போன பிறகும் ஏறாமக் கிடந்தாத்தான் நாங்க ஓடணும்." வலியோடு ஏறுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

என் இரண்டு விரல்கள் கழுத்துக்குப் போகின்றன. நான் அனுப்பவில்லை. அவையாகப் போகின்றன. பங்கரில் ஒவ்வொரு ஷெல் விழுந்த பிறகும் இப்படித்தான் தொட்டுப் பார்ப்பேன். புகையில் ஒன்றும் தெரியாது. காது அடைத்திருக்கும். கழுத்தில் துடித்தால் நான் இருக்கிறேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்களைத் தேடுவேன்.

துடிக்கிறது. டக்டக் டக்டக். மிசினும் டக்டக் டக்டக். விரலுக்கடியில் ஒன்று, காதில் ஒன்று. இரண்டும் ஒன்றாக விழுகின்றன. படார். இரண்டும் ஒன்றாகத் துள்ளுகின்றன.

அந்த மிசின் என் பயத்தை எண்ணிக்கொண்டிருந்தது. என் பயத்தைப் பிள்ளையின் சுகம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"டொக்டர்! அது என்ட நெஞ்சு! பிள்ளையின்ட இல்ல! ஐயோ, வந்து பாருங்கோ!"

முதலில் மிஸி வந்தார். பயத்தில் பிதற்றுகிறேன் என்று நினைத்திருப்பார், தலையைத் தடவினார். நான் கையைத் தட்டிவிட்டேன். திரும்பவும் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். டொக்டர் ஓடி வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். மிசினைக் கேட்டார். முகம் மாறியது. வில்லையைப் பிடுங்கி இடுப்புப் பக்கமாக அழுத்தினார். கரகரப்பு. மறுபடி கரகரப்பு. அந்த நேரத்தில் நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று இன்றும் நினைவில்லை.

பிறகு கேட்டது. டக்... டக்... டக்.

எழுபது.

வலி இல்லை. இருந்தும் எழுபது. ஏறவில்லை.

"இடது பக்கம் திரும்புங்க! தியேட்டருக்குச் சொல்லுங்க! ஓடுங்க!"

ஓடினார்கள். கட்டிலோடு என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மேலே விளக்குகள் ஓடின. யாரோ கையில் ஊசி குத்தினார்கள். வெளியே மேளம். முகமூடி வைத்தார்கள். பிறகு ஒன்றும் இல்லை.

கண் விழித்தபோது முதலில் கேட்டது அழுகை. மெலிந்த, எரிச்சல் பிடித்த அழுகை. மகள். கொடி கழுத்தில் இறுகச் சுற்றியிருந்ததாம். பிறந்தவுடன் அழவில்லையாம், உசுப்பி அழவைத்தார்களாம். இப்போது நிறுத்தமாட்டேன் என்கிறாள். அழட்டும். எனக்கு அது போதும். கணவர் கதவருகில் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பெண்டாட்டியைக் கும்பிடுகிற மனிதனை என்ன சொல்லித் திட்டுவது? சிரிக்கப் போனேன். தையல் வலித்தது.

டொக்டர் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பட்டி நழுவினால் தாயின் துடிப்பை மிசின் பிடித்துக்கொள்வதுண்டு என்றார். அதனால்தான் மணிக்கட்டையும் கூடவே பார்க்க வேண்டுமாம். இனி இந்த வாட்டில் பட்டி கட்டும் ஒவ்வொரு முறையும் பார்ப்போம் என்றார். நான் தலையாட்டினேன். பிள்ளை பெறப் போகிறவர்களே, நீங்களும் கேளுங்கள். அது என்னுடையதா, பிள்ளையுடையதா என்று வாய் விட்டுக் கேளுங்கள்.

கண்டியில் நான் இழந்தது கொஞ்ச இரத்தம். வேறொன்றும் இல்லை.

வன்னியில் இழந்தவர்கள்: அப்பா. அண்ணா. சின்னம்மாவும் அவருடைய இரண்டு மகள்களும். அம்மா. அம்மாவின் வயிற்றில் ஒரு பிள்ளை. அம்மாவின் மூச்சு நின்ற பிறகும் வயிறு கொஞ்ச நேரம் அசைந்தது. நான் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் நெஞ்சைக் காது வைத்துக் கேட்க எங்களிடம் ஒருவரும் இருக்கவில்லை.