எந்த அண்ணை?

மானிப்பாய் பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற இருவரில் இளையவர் சொன்னார்:

"அண்ணை, மூண்டாம் மாடியிலையிருந்து போட்டுப் பாத்தன், உடையேல்லை. சீமெந்துத் தண்ணிக்குள்ளையும் போட்டன். இன்னும் கதைக்குது."

மற்றவர் ஒப்பந்தத்தில் கட்டடம் கட்டிக் கொடுக்கும் கொந்தராத்துக்காரர். "அப்ப உந்த வோக்கி டோக்கியையே எல்லா மேசன்மாருக்கும் வாங்குவம்."

"வாங்கலாம். ஆனா ஒரு கரைச்சல். நேற்றுக் கீழை நிண்டு, 'அண்ணை, கொங்கிறீற்றைக் கொட்டுங்கோ' எண்டன். எல்லா மாடியிலையிருந்தும் ஓம் எண்டிச்சினம். கம்பி கட்டி முடியாத இடத்திலையும் கொட்டிப் போட்டினம்."

"ஐயோ! பேரைச் சொல்லியெல்லோ கூப்பிடோணும்!"

"எல்லாரும் என்னிலும் மூத்தவை. பேர் சொல்லிக் கூப்பிட்டா நாளைக்கு வேலைக்கு வருவினமோ?"

கொந்தராத்துக்காரர் தலையைச் சொறிந்தார். "ஒராளுக்கு மட்டும் கேக்கிற வோக்கி இருக்கோ எண்டு கடையிலை கேட்டுப் பாரும்."

"கேட்டனான் அண்ணை. அதைத்தான் போன் எண்டு சொல்லுறதாம்."

கொக்குவிலில் இன்னும் கொஞ்சப் பேர் ஏறினார்கள். கண்டக்டர் வாசலில் தொங்கியபடி கத்தினார்:

"அண்ணை, கொஞ்சம் உள்ளுக்குப் போங்கோ!"

நின்றிருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஓரடி உள்ளே நகர்ந்தோம். முதலில் நகர்ந்தவர் கொந்தராத்துக்காரர்தான்.