‘கோ ஆன்’ என்றால் போ அல்ல

தலைமைப் பொறுப்பைத் தளராத புன்னகையால் தாங்கியிருக்கும் ராமபத்ரன் அவர்களே, மட்டாஞ்சேரி மழைக்கும் மசியாமல் வந்தமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஆங்கிலம் படிக்க வரும் அன்னையரே, அனைவருக்கும் வணக்கம்!

நீளப் பேசுவதற்கு ஆங்கிலத்தில்தான் எத்தனை பெயர்! சளசளத்தால் ‘ரேட்டில் ஆன்’. தடம் மாறி வளர்த்தால் ‘ரேம்பிள் ஆன்’. கேட்பவரைத் தூங்கவைத்தால் ‘ட்ரோன் ஆன்’. என்ன யூசுப் இக்கா, என்னைக் கைகாட்டுகிறீர்கள்? இன்று சுருக்கமாக முடிப்பேன், நம்புங்கள்!

இவற்றுக்கெல்லாம் மூத்தது ‘கோ ஆன்’. அது நம் வகுப்பு மாதுரியை என்ன பாடு படுத்தியது தெரியுமா?

மாதுரி தென்காசிக்காரர். இங்கே ஒரு விடுதியில் அறை துடைத்துக்கொண்டிருந்தார். அதே விடுதியில், விருந்தினருக்குத் தெருக்களைச் சுற்றிக்காட்டும் வேலை காலியானது. துணிந்து கேட்டார். உரிமையாளர் சுதீர் ஆங்கிலத்திலேயே நேர்காணல் வைத்தார். இஞ்சிக் கிடங்கின் மணத்தைச் சொல்லத் தொடங்கிய மாதுரி, ஒரு சொல் வராமல் நின்றார். சுதீர் கனிவாகச் சொன்னார்: “கோ ஆன்.”

‘கோ’ என்றால் போ. மாதுரி எழுந்தார், கும்பிட்டார், வெளியேறினார்!

சிரிக்கிறீர்கள். ஆனால் வாசலில் அவர் கண் கலங்கியது. வாய் திறந்தபோதெல்லாம் ‘போ, வேலையைப் பார்’ என்றே கேட்டுப் பழகிய காதுக்கு வேறென்ன கேட்கும்? அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாரா? இல்லை, அவையோரே, இல்லை! திரும்பி நடந்தார். கதவைத் தள்ளினார்.

“எதுக்கு சார் என்னைப் போவச் சொன்னிய? முழுசா கேட்டுட்டுப் புடிக்கலைன்னு சொல்லுங்க!”

சுதீர் பதறினார். “அய்யோ, ஞான் போகச் சொல்லலை சேச்சி! மேலே சொல்லுங்கன்னல்லே பறஞ்சது!”

மேலே சொன்னார் மாதுரி. ஏலக்காயைச் சொன்னார், மிளகைச் சொன்னார், மூட்டை தூக்கியவர்களின் பாட்டைச் சொன்னார். சொல் வராத இடத்தில் கை பேசியது. கை ஓய்ந்த இடத்தில் கண் பேசியது. சுதீரின் சாயா ஆறியது. மாதுரி நிறுத்தவில்லை. வேலை அவருக்கே!

இன்று அவரோடு நடக்கும் வெளிநாட்டார் வைப்பின் தீவுக்குப் போகும் படகைத் தவறவிடுகிறார்கள், வருந்துவதில்லை.

அன்பர்களே! நம் வீடுகளில் எத்தனை பேர் பாதி வாக்கியத்தில் நின்றுபோயிருக்கிறார்கள்? இலக்கணம் பிசகட்டும், உச்சரிப்பு உடையட்டும்! அவர்கள் பேசத் துணியும்போது, கேட்க நாம் காது தர மாட்டோமா? தருவோம்! வீடு திரும்பியதும் தருவோம்!

இவ்வளவு நேரம் எனக்குக் காது தந்த உங்களுக்கு நன்றி கூறி, முதல் வரிசையில் முகம் சிவக்கச் சிரிக்கும் மாதுரியைக் கைகூப்பி வணங்கி, அமர்கிறேன்.